கடற்கரை நினைவுச் சின்னமும் தமிழய்யாவும்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது, பள்ளிக்கூடத்தைவிட முதலில் கண்முன் வந்தது தரங்கம்பாடிக் கடற்கரையில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்திறங்கிய நினைவாக நிற்கும் சின்னம்தான்.

நான் திருக்கடையூரிலிருந்து மாயவரம் ரயிலில் வந்து படித்தவன். பள்ளி விட்டதும் ரயில் வரும்வரை கடற்கரைதான் கதி. நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதி வழியாக ஓடுவோம். பைக்கட்டுகளை அந்தச் சின்னத்தின் அடியில் குவித்துவிட்டுச் சடுகுடு ஆடுவோம். அது யாருக்காக என்று கேட்டால், யாரோ வெள்ளைக்காரர் என்போம். அவ்வளவுதான் தெரியும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் தமிழய்யா எங்கள் எல்லோரையும் அங்கே அழைத்துப்போய் மணலில் உட்கார வைத்தார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9ஆம் தேதி இரண்டு ஜெர்மானியர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்றார். அவர்களில் ஒருவர் சீகன்பால்கு. வயது இருபத்துநான்குகூட ஆகவில்லை. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினாராம்.

சொல்லிவிட்டு ஐயா ஈர மணலைக் கையால் தட்டிச் சமமாக்கி, ஆள்காட்டி விரலால் பெரிதாக ஓர் ‘அ’ போட்டார். “சுழியை முதல்ல போடுங்கடா. இந்தச் சுழியிலதான் அவரும் தடுமாறியிருப்பாரு” என்றார். நாங்களும் போட்டோம். நகக்கண்ணில் மணல் ஏறியது. ஓர் அலை வந்து என் எழுத்தின் காலை மட்டும் நனைத்துக் கரைத்துவிட்டுப் போனது.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஓவ் கெட்டே என்ற டேனிஷ் தளபதி 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையும் அங்கேயேதான் இருக்கிறது. டேனியர்கள் மிளகுக்காக வந்தவர்கள். சீகன்பால்கு மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளே அவரை நான்கு மாதம் அந்தக் கோட்டையில் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்த பிறகும் அவர் தமிழை விடவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரியவை, காகிதத்தைத் தின்றன. இங்கேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்காகப் பொறையாற்றில் ஒரு ஆலையும் வைத்தார்கள். தினமும் ரயில் நின்று போன அதே பொறையாறு! பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருந்தால் மறந்திருப்பேன். 1719இல், 36 வயதில் இறந்துபோனார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில்தான் கல்லறை.

இப்போது ராஜ வீதியில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. போன முறை ஊருக்குப் போனபோது சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத மட்டும் தயங்குவாள். சிலையைப் படம் எடுத்தாள். அப்புறம் கடற்கரைக்குப் போய் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தேன். சுழியைத் திருப்பிப் போட்டாள். ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன்.

நம் சங்கத்தில் ஐயாவிடம் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போய்வருவோம். வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக்குப் போய்விட வேண்டும்.