கானாடுகாத்தான் வளவும் கொள்ளுக்குடிப்பட்டி நாரைகளும்

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் ஆச்சி ஒருவர் தன் வீட்டைத் திறந்து காட்டினார். முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள். ஒன்றைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், இரு கையும் எட்டவில்லை. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நின்றால் நடுவே வானம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! சுவரைத் தொட்டால் பளிங்கு போலக் குளிர்ச்சி. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றியதாம். "செருப்பில்லாம நடந்து பாருங்க தம்பி" என்றார். உச்சி வெயிலிலும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காலுக்கு இதமாக இருந்தது. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையாலேயே செய்கிற கல் அது.

அப்புறம் காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டு, திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடி. 1977 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கருவேல மரமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது, அத்தனையும் பறவைகள். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம். குஞ்சுகளின் சத்தம் கரை வரை கேட்டது.

இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, பறவைகள் மிரண்டுவிடும் என்று. கரையில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். "பிள்ளைத்தாய்ச்சி வீட்டுல வெடி போடுவமா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இருட்டும் வரை அவரோடேயே நின்றிருந்தேன்.