டி.சி. கொடுக்க முடியாத வகுப்பறை

குன்னூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பந்தலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள்; இங்கே 'டீச்சர்' என்கிறார்கள். அடங்காத பிள்ளைகள் இரண்டு இடத்திலும் இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று நாங்கள் யோசித்த விதம்தான் வேறுபட்டது.

தனியார் பள்ளியில் முதலில் டைரியில் எழுதுவோம், பிறகு பெற்றோரை வரச் சொல்வோம், மூன்றாவது முறை தாளாளர் அறையில் டி.சி. பேச்சு வந்துவிடும். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16 ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று சொல்வதால், பெற்றோரே விரும்பி மாற்றுச் சான்றிதழ் கேட்டதாக ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்துக்கு நானே வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கட்டணம் கட்டுகிற மற்றப் பெற்றோர்கள் "அவனால் எங்கள் பிள்ளை படிப்பு கெடுகிறது" என்று வந்து நிற்கும்போது நிர்வாகத்துக்கு உள்ள நெருக்கடியை நான் அறிவேன். ஆனாலும் அந்தப் பையன் ஏன் அப்படி நடந்துகொண்டான் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இங்கே அனுப்புவதற்கு வேறு இடம் இல்லை. சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒருவன், முதல் பீரியடு தொடங்கியதும் ஸ்கேலால் மேசையைத் தட்ட ஆரம்பிப்பான். ஸ்கேலைப் பிடுங்கினால் விரலால் தட்டுவான். முன்னால் இருப்பவனின் பையை உதைப்பான். மதிய உணவுக்குப் பிறகு அதே பையன் அமைதியாகக் கணக்குப் போடுவான். இதைக் கவனிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவன் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கக் காலையிலேயே போய்விடுகிறார். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது இல்லை என்பதால், அவன் பாலில்லாத ஒரு டம்ளர் கட்டஞ்சாயாவோடு, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். மூன்றாம் வகுப்பில் இருக்கும் தங்கை தட்டில் உப்புமா வாங்கிச் சாப்பிடுவதை, அதே வராந்தாவில் தூணில் சாய்ந்துகொண்டு இவன் பார்த்து நிற்பதை ஒருநாள் கண்டேன்.

அவன் அம்மாவை வரவழைத்தபோது, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். அடிப்பதை அதே சட்டத்தின் 17 ஆவது பிரிவு தடுக்கிறது என்பதைவிட, பசியோடு இருப்பவனை அடித்து என்ன ஆகப் போகிறது என்பதுதான் எனக்குப் பட்டது. மறுநாள் முதல் என் டிபன் பாக்ஸில் நான்கு இட்லி கூடுதலாக வைத்தேன். மேசை தட்டுவது பெரும்பாலும் நின்றது. விளையாட்டு பீரியடில் சண்டை போடுவது நிற்கவில்லை. அதற்குக் காரணம் வேறாக இருக்க வேண்டும், இன்னும் தேடுகிறேன்.

இதை வைத்து அரசுப் பள்ளி உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே ஆசிரியர் பார்க்கும் நாளில், தொல்லை தருகிறவனைக் கடைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் அனுப்பிவிட்டுப் பாடம் நடத்துகிறவர்கள் எங்களிலும் உண்டு. அவன் பள்ளிக்கு வராத நாளில் 'அப்பாடா' என்று மூச்சு விடுவதும் உண்டு; கையெழுத்தில்லாத டி.சி. அது, தொடர்ந்து பல நாள் போனால் இடைநிற்றல் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இப்போது அவன் எட்டாம் வகுப்பில் இருக்கிறான். ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். 16 ஆவது பிரிவின் பாதுகாப்பு அங்கே அவனுக்கு இருக்காது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் காலைப் பசியைப் பற்றியும், கணக்கில் அவன் கெட்டிக்காரன் என்பதைப் பற்றியும் நேரில் சொல்ல, வருகிற சனிக்கிழமை கூடலூருக்குப் போகிறேன்.