டைல் டைலாக வரையும் வரைகலைச் சில்லு: முக்கோணப் பட்டியலைக் குறுக்கிய அனுபவம்

எஃப்.பி.ஜி.ஏ. (உள்சுற்றுகளை நாமே வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு) பலகை ஒன்றில் சிறிய முப்பரிமாண வரைகலைச் சில்லு ஒன்றை ஓய்வு நேரங்களில் கட்டி வருகிறேன். முதலில் செய்து முடித்த வடிவம், முக்கோணங்களை வந்த வரிசையிலேயே வெளி நினைவகத்தில் நேரடியாக வரைந்தது. 640-க்கு 480 அளவுள்ள திரையில் 3,07,200 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலையும் தொடும்போது பழைய ஆழ மதிப்பை (அங்கே வரைந்த பரப்பு பார்ப்பவரிடமிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற எண்) படிக்க 2 பைட், புதிய ஆழத்தை எழுத 2 பைட், நிறத்தை எழுத 2 பைட் தேவை. சராசரியாக மூன்று முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் காட்சியில், எல்லாம் பின்னிருந்து முன்னாக வந்து சேர்ந்தால், ஒரு ஃபிரேமுக்கு, அதாவது முழுத் திரைப் படம் ஒன்றுக்கு, ஏறத்தாழ 55 லட்சம் பைட்டுகள் நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே ஓடுகின்றன. கணக்கிடும் அலகுகள் பெரும்பாலான நேரம் நினைவகத்துக்காகக் காத்து நின்றன.

ஆகவே திரையை 32-க்கு 32 பிக்சல் கொண்ட டைல்களாக, அதாவது சதுரக் கட்டங்களாகப் பிரித்தேன். 1998-இல் வெளிவந்த ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியின் பவர்விஆர் சில்லு இதே அளவைக் கையாண்டது என்பதால் அதிலிருந்தே தொடங்கினேன். குறுக்கே 20, நெடுக்கே 15, ஆக மொத்தம் 300 டைல்கள். ஒரு டைலின் நிறமும் ஆழமும் சேர்ந்து 4 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுவதால், அவை சில்லுக்குள் இருக்கும் நினைவகத்திலேயே தங்குகின்றன. ஆழ மதிப்பு வெளியே போவதே இல்லை. முடிந்த நிறம் மட்டும் ஒரே முறை, ஃபிரேமுக்கு 6,14,400 பைட்டாக வெளியே எழுதப்படுகிறது. அதாவது ஒன்பதில் ஒரு பங்கு.

இந்தச் சேமிப்பு முழுவதும் கைக்கு வரவில்லை. எந்த முக்கோணம் எந்த டைலில் விழுகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வெளி நினைவகத்தில் வைக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதவும் படிக்கவும் ஆகும் செலவு வேறு வழியாக வந்து சேர்ந்தது. முக்கோணத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு, அச்செவ்வகம் தொடும் டைல்கள் அனைத்திலும் அதைப் பதிவு செய்வதே நான் முதலில் எழுதிய முறை. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை நீளும் மெல்லிய முக்கோணம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அதன் செவ்வகம் திரை முழுவதையும் அடைத்துக்கொள்வதால் 300 டைல்களிலும் அதன் பெயர் ஏறியது. உண்மையில் அது கடந்து செல்வதோ முப்பது சொச்சம் டைல்கள்தான். மீதமுள்ள டைல்கள் ஒவ்வொன்றும் அந்த முக்கோணத்தை எடுத்து, வரைவதற்கு முன் தேவையான தொடக்கக் கணக்கைப் போட்டு, ஒரு பிக்சல்கூட வரையாமல் தூக்கிப் போட்டன.

இதற்குத் தீர்வு ஹுவான் பினெடா 1988-இல் விவரித்த விளிம்புச் சார்பிலேயே இருக்கிறது. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏ·எக்ஸ் + பி·ஒய் + சி என்ற கோவை உண்டு; எக்ஸ், ஒய் திரையில் புள்ளியின் இடம், ஏ, பி, சி அந்தப் பக்கத்துக்குரிய மாறிலிகள். மூன்றும் எதிர்மறை ஆகாத இடமே முக்கோணத்தின் உட்பகுதி. டைலின் நான்கு மூலைகளையும் சோதிக்க வேண்டியதில்லை. ஏ நேர்மறை என்றால் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம். ஒய் கீழ்நோக்கி வளரும் திரையில் பி நேர்மறை என்றால் கீழ்ப்பக்கம், இல்லையென்றால் மேற்பக்கம். இப்படித் தேர்ந்தெடுத்த ஒரே மூலையில்தான் கோவை அதிகபட்ச மதிப்பைப் பெறுகிறது; அங்கேயே அது எதிர்மறையாக இருந்தால் அந்த டைலை விட்டுவிடலாம். அடுத்த டைலுக்குப் போக ஏ-யின் 32 மடங்கைக் கூட்டினால் போதும், அதுவும் இரும இலக்கங்களை நகர்த்தும் இடப்பெயர்வுதான், பெருக்கலே வேண்டாம். இவ்வளவு சிறிய சுற்று இத்தனை வீண்வேலையைத் தடுப்பதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அதற்குள் ஒரு தவறும் நேர்ந்தது. சுழலும் கோளம் ஒன்றின்மேல் ஒரு கரும்புள்ளி ஒரே ஒரு ஃபிரேமுக்குத் தோன்றி மறைந்தது. புள்ளிகளின் கிடை ஆயங்களைக் குறித்துக்கொண்டே வந்தேன்: 351, 352, 415, 416. எல்லாம் 32-இன் மடங்குகள், அல்லது அதற்கு ஒன்று குறைவு. டைல் எல்லையில்தான் ஓட்டை என்பது தெளிவாயிற்று. பிக்சல்களை நிரப்பும் பகுதி பிக்சலில் பதினாறில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் கணக்கிட்டது. பட்டியல் தயாரிக்கும் பகுதியிலோ, கூட்டல் சுற்றுகளான கூட்டிகளைச் சிறிதாக்கும் எண்ணத்தில் முனைகளை முழுப் பிக்சலுக்குச் சுருக்கியிருந்தேன். அதனால் ஒரு பிக்சல் மட்டுமே நுழையும் டைலை அது தவறாக விலக்கிவிட்டது. இரண்டு பகுதிகளும் ஒரே துல்லியத்தில் கணக்கிடுமாறு மாற்றியதும் புள்ளிகள் மறைந்தன. கூட்டிகள் சற்று அகன்றன, அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பட்டியலை ஒவ்வொரு பதிவாக எழுதுவதையும் நிறுத்தினேன். இப்போது 32 பைட் தொகுதியில் ஏழு முக்கோண எண்களும் அடுத்த தொகுதியின் முகவரியும் சேர்ந்து ஒரே வீச்சில் எழுதப்படுகின்றன. ஒளிபுகும் பரப்புகள் சரியாகக் கலப்பதற்காக, முக்கோணங்கள் வந்த வரிசை பட்டியலிலும் மாறாமல் இருக்கிறது.

கடைசியாகச் சேர்த்தது மாறாத டைலை எழுதாமல் விடும் வசதி. முடிந்த டைலின் சி.ஆர்.சி. மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சிறிய சரிபார்ப்பு எண்) சில்லுக்குள் வைத்துக்கொண்டு, புதிய மதிப்பும் அதுவே என்றால் வெளியே எழுதுவதைத் தவிர்க்கிறேன். முதல் முயற்சியில் நகரும் பொருள் நின்ற பிறகும் அதன் பழைய நிலையும் புதிய நிலையும் மாறி மாறித் துடித்தன. காரணம், இரண்டு ஃபிரேம் இடையகங்களை (முடிந்த படத்தை வைக்கும் நினைவகப் பகுதிகள்) மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது, இப்போது எழுதப்போகும் இடையகத்தில் இருப்பது முந்தைய ஃபிரேம் அன்று, அதற்கும் முந்தையது. இடையகத்துக்கு ஒன்றாக இரண்டு மதிப்புத் தொகுப்புகளை வைத்ததும் துடிப்பு நின்றது. இரண்டும் சேர்ந்து 2,400 பைட்தான். நடுவில் சிறிய கனசதுரம் மட்டும் சுழலும் காட்சியில், அது தொடும் டைல்களைத் தவிர வேறெதுவும் இப்போது எழுதப்படுவதில்லை.

பட்டியல் பகுதி இன்னும் டைல்களை ஒவ்வொன்றாகவே சோதிக்கிறது. முதலில் நான்குக்கு நான்கு டைல் தொகுதியைச் சோதித்து, உள்ளே வந்தால் மட்டும் தனி டைல்களுக்கு இறங்கும் வடிவத்தை எழுதி வருகிறேன். 20 நெடுவரிசைகள் ஐந்து தொகுதிகளாகச் சரியாகப் பிரிகின்றன. 15 கிடைவரிசைகள் அப்படிப் பிரியாததால், கடைசித் தொகுதி வரிசையில் மூன்று டைல் வரிசைகளே இருக்கும். அந்த ஓரத்தின் எல்லையைத்தான் இப்போது சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.