போர்ட்டில் சலைன் ஏறியதும் வந்த குளிர்

சினைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றுவதற்காக என் அம்மாவின் வலது மார்பில், தோலுக்கு அடியில், போர்ட் (ஊசி குத்தி மருந்து ஏற்றுவதற்கான சிறு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய் பெரிய நரம்புக்குள் போகும்) பொருத்தி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வாந்தி நிற்காததால் மும்பை செம்பூரில் வீட்டருகே உள்ள ஒரு நர்சிங் ஹோமில் அந்தப் போர்ட் வழியாகச் சலைன் ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் பற்கள் கிட்டிக்கொள்ளும் அளவுக்கு அம்மாவுக்குக் குளிர் எடுத்தது. காய்ச்சல் 102 டிகிரி. வைரல் காய்ச்சல் என்று சொல்லிப் பாராசிட்டமால் கொடுத்தார்கள், மறுநாள் உடம்பு ஆறிவிட்டதால் நானும் நம்பினேன். மூன்றாம் நாள் மீண்டும் சலைன் ஏற்றியபோது அதே குளிர், அதே அரை மணி நேரக் கணக்கில் வந்தது.

அன்றிரவே பரேலில் கீமோ கொடுக்கும் மருத்துவரிடம் கொண்டு சென்றோம். “போர்ட்டைத் தொட்ட பிறகுதான் குளிர் வருகிறதா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே போர்ட்டிலிருந்து ஒரு முறையும் கை நரம்பிலிருந்து ஒரு முறையும், ஒரே நேரத்தில், ஒரே அளவு இரத்தம் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, எடுத்தார்கள். செவிலியர் புட்டிகளில் எடுத்த இடத்தையும் மணியையும் எழுதி ஒட்டினார். அந்தச் சிறிய எழுத்துதான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன்: கை இரத்தத்தைவிடப் போர்ட் இரத்தத்தில் கிருமி 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி வளர்ந்தால் தொற்றின் இருப்பிடம் போர்ட்தான் என்று கொள்கிறார்கள், அம்மாவுக்கு 4 மணி நேரம் முந்தியது.

கிருமியின் பெயர் ஸ்டெனோட்ரோபோமோனாஸ் மால்டோபிலியா. நீரிலும் மண்ணிலும் குழாய், சிங்க் போன்ற ஈரமான இடங்களிலும் வாழ்வது, பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்வது. முதலில் தொடங்கியிருந்த ஆன்டிபயாடிக்கான மெரோபெனெம் வலிமையான மருந்துதான் என்றாலும் இக்கிருமி இயல்பிலேயே அதற்கு அடங்காதது என்பதால் கோட்ரைமாக்சசோல் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார்கள். அது இரத்தத்தில் பொட்டாசியத்தையும், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினினையும் உயர்த்தக்கூடும் என்பதால் அவற்றை அடிக்கடி பார்த்தார்கள்.

போர்ட்டை எடுக்க வேண்டும் என்றதும் அம்மா அழுதார். முதல் கீமோவில் கை நரம்புகள் கயிறுபோல் கறுத்து இறுகிய வேதனை அவருக்கு மறக்கவில்லை. படலத்துக்குள் மருந்து சரியாக எட்டாது, குழாய் இருக்கும்வரை தொற்று திரும்பக்கூடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே சம்மதித்தார். எடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மறு கல்ச்சரில் கிருமி இல்லை. அன்றிலிருந்து 14 நாள் மருந்து.

இப்போது இடப்பக்கம் புதிய போர்ட். ஊசி குத்தும் நேரத்தை நோட்டில் எழுதுகிறேன். முதல் ஃப்ளஷ் (போர்ட் குழாயைச் சலைன் செலுத்திக் கழுவுவது) காலை 10.20-க்கு, 11.30 வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம், குளிர் வரவில்லை.