வெல்ஸ் பேராலய நகரம்: கட்டடக்கலை வரலாற்றுத் தாளுக்கு எப்படிப் படிப்பது

ஆங்கிலேய கோதிக் (கூர்வளைவுகளைக் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணி) பற்றிய கேள்விக்கு ஒரே ஒரு ஊரை மட்டும் ஆழமாகப் படித்துப் போவதென்றால் வெல்ஸைத் தேர்ந்தெடுங்கள். சாமர்செட்டில் மெண்டிப் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். அந்தப் பாணியின் எர்லி இங்கிலிஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்ற மூன்று அடுத்தடுத்த கட்டங்களுக்கும் இங்கே பேராலயம் என்ற ஒரே கட்டடத்தில் சான்று கிடைக்கும். அதைவிட முக்கியம், கட்டடம் ஒரு பெரிய சிக்கலில் மாட்டி மீண்ட கதையும் கல்லிலேயே தெரிகிறது.

ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் முன் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஊற்றுகள் இருந்ததால் ஊர் வந்தது, பெயரும் வந்தது. 705இல் அரசர் ஐனி காலத்தில் இங்கே தேவாலயம் எழுந்தது. 909இல் அது ஆயரின் இருக்கையானது. நார்மன்கள் வந்த பிறகு, 1090 வாக்கில் அந்த இருக்கை பாத் நகருக்குப் போய்விட்டது. இழந்த மதிப்பை மீட்கும் வேகத்தோடு சுமார் 1175இல் புதிய கட்டடம் தொடங்கி, 1239இல் அர்ப்பணிக்கப்பட்டது. 705ஐயோ 909ஐயோ இப்போதைய கட்டடத்தின் ஆண்டாக எழுதுவதுதான் வழக்கமான பிழை. பழைய தேவாலயம் இதற்குத் தெற்கே இருந்தது. இரண்டும் வேறு வேறு.

அடுத்து ஒரு தரைப்படத்தை ஏ4 தாளில் கையால் வரைந்து மூன்று வண்ணம் தீட்டுங்கள். நேவ் (மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடம்), டிரான்செப்ட் (அதைக் குறுக்கே வெட்டும் கூடம்), மேற்கு முகப்பின் கீழ்ப்பகுதி ஆகியவை முதல் வண்ணம், அதாவது எர்லி இங்கிலிஷ். 1306இல் முடிந்த எண்கோணச் சாப்டர் ஹவுஸ் (பேராலயக் குருமார் கூடும் மன்றம்), 1326க்குள் முடிந்த லேடி சாப்பல் (மரியாளுக்கான சிற்றாலயம்), கிழக்குப் பகுதி ஆகியவை இரண்டாவது, டெக்கரேட்டட். மேற்குக் கோபுரங்களின் மேல்பாகம் மூன்றாவது, பெர்பெண்டிகுலர். சாப்டர் ஹவுஸின் நடுத்தூணிலிருந்து 32 விலா வளைவுகள் விரிவதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தை நினைவிலிருந்து வரைய வந்துவிட்டால் தேதிகள் தானாக ஒட்டிக்கொள்ளும். அட்டவணை போட்டு உருப்போட்டவர்களுக்குத் தேர்வறையில் இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் இடம் மாறும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது கத்தரி வளைவுகளுக்கு. நடுக்கோபுரத்தை 1313 முதல் 1322 வரை உயர்த்தி, அதன்மேல் ஈயம் போர்த்திய கூம்பையும் வைத்தார்கள். அந்தப் பாரத்தை அஸ்திவாரம் தாங்கவில்லை. நாலு பெரிய தூண்களும் சமமாக அமிழாததால் விரிசல் விட்டது. கட்டடக் கலைஞர் வில்லியம் ஜாய் 1338 முதல் 1348 வரையான காலத்தில், நிமிர்ந்த கூர்வளைவின் தலைமேல் அதேபோன்ற ஒன்றைக் கவிழ்த்து வைத்து, தூண்கள் உள்நோக்கிச் சாயாமல் முட்டுக்கொடுத்தார். இரு பக்கமும் உள்ள வட்டத் துளைகள் எடையைக் குறைக்கின்றன.

இங்கே மூன்று இடத்தில் மதிப்பெண் போகும். வளைவுகள் நாலு பக்கமும் இருப்பதாக எழுதுவது: மேற்கு, வடக்கு, தெற்கில்தான் உண்டு, கிழக்கில் இல்லை. அலங்காரம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது. படத்தில் விசை அம்புகளைப் போடாமல் விடுவது. அம்பு இல்லாத படம் வெறும் ஓவியம்தான். பாரம் மேலிருந்து கீழும், தூணின் சாய்வு உள்நோக்கியும் தெரிய வேண்டும்.

மேற்கு முகப்புக்கு இரண்டு குறிப்பு போதும். கோபுரங்கள் பக்கக்கூடங்களுக்கு வெளியே நிற்பதால் முகப்பு கட்டடத்தைவிட அகலமாகிறது. ஏறத்தாழ 300 இடைக்காலச் சிலைகள் மிஞ்சியிருக்கின்றன. அவை ஒரு காலத்தில் வண்ணம் பூசியவை.

நகரமைப்புக் கேள்வி வந்தால் விகார்ஸ் க்ளோஸ். ஆயர் ரால்ஃப் 1348இல் பாடகர் குழுவினருக்காகத் தொடங்கிய குடியிருப்புத் தெரு இது. மேல்முனையில் தெரு சுமார் 10 அடி குறுகுகிறது. அதனால் கீழ்வாசலிலிருந்து பார்த்தால் நீளமாகவும் மேலிருந்து பார்த்தால் குட்டையாகவும் தெரியும். உயரமான புகைபோக்கிகள் பிற்காலச் சேர்க்கை. முதல் திட்டத்தோடு சேர்த்து எழுதாதீர்கள்.

இங்கிலாந்தில் படிப்பவர்கள் நேரில் போகலாம். ஊருக்கு ரயில் கிடையாது. பிரிஸ்டலிலிருந்தோ பாத்திலிருந்தோ பஸ். உள்ளே காலையிலேயே வேலையை முடித்து, மேற்கு முகப்பைப் பிற்பகலுக்கு வையுங்கள். காலையில் அது நிழலில் கிடக்கும், சிற்ப மடிப்புகள் படத்தில் விழாது. கத்தரி வளைவை போனின் வைட் லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் இழுபடும். நேவின் பின்கோடிக்குப் போய்ச் சாதாரண லென்ஸில் எடுங்கள். அளவெடுக்க நினைத்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

பேராலயத்துக்குள் இருக்கும் 1390 வாக்கிலான கடிகாரம் ஒவ்வொரு கால் மணிக்கும் அடிக்கும், அதற்குச் சற்று முன்பே போய் நில்லுங்கள். குதிரைவீரர் பொம்மைகள் சுற்றும்போது எப்போதும் ஒரே ஆள்தான் அடிவாங்கி விழுகிறான், பாவம். முகப்புத் தட்டு இங்கே இருந்தாலும் பழைய இயந்திரம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகழி சூழ்ந்த ஆயர் மாளிகையில் ஊற்றுகளைப் பார்த்துவிட்டு ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்தால், ஓரக் கால்வாயில் ஓடுவதும் அந்த நீர்தான். ஆயர் பெக்கிங்டன் 1451இல் ஊருக்கு அளித்த உரிமை அது. ஊற்று, மாளிகை, சந்தை, தெரு என்று அந்த நீர்வழியை ஒரே கோட்டில் வரைந்து விடைத்தாளின் முதல் படமாக வையுங்கள்.