புதுக் கண்ணாடி போட்ட முதல் வாரம்

புதுக் கண்ணாடி போட்ட அன்று மாடிப்படி இறங்கவே பயம், தரை என்னவோ மேலே எழும்பி நிற்கிற மாதிரி இருந்தது, ஆனால் நாலைந்து நாளில் அதே கண்ணாடி, அதே படி, ஒரு தொந்தரவும் இல்லை. பவர் மாறவில்லை, மூளைதான் பழகிவிட்டது.

இதை 1890களில் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே சோதித்தார். ஒரு கண்ணை மூடிக்கட்டி, இன்னொன்றில் உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடமாடினார் மனிதர். முதலில் கையை நீட்டினால் எங்கேயோ போனது, அப்புறம் மெல்லத் தடுமாற்றம் குறைந்தது. இத்தனைக்கும் நம் விழித்திரையில் பிம்பம் எப்போதுமே தலைகீழாகத்தான் விழுகிறது! அதிலும் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது, அந்த ஓட்டையையும் சுற்றியிருப்பதை வைத்து மூளை ஒட்டுப்போட்டுவிடுகிறது.