அனுப்பியாயிற்று, வந்து சேரவில்லை

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், மீன் குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவிகளைப் பொருத்தித் தருகிறது. கிடங்கிலுள்ள கருவி எம்க்யூடிடி (MQTT) என்ற செய்திப் பரிமாற்ற முறையில் புரோக்கர் என்ற சர்வருக்குச் செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் டாபிக் என்ற தலைப்பு உண்டு. அந்த டாபிக்கை சப்ஸ்கிரைப் செய்த, அதாவது கேட்கப் பதிந்துகொண்ட திரைகளுக்கெல்லாம் புரோக்கர் செய்தியைக் கொடுத்துவிடும். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்போர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999-இல் வடிவமைத்த முறை இது. சிக்னல் விட்டுவிட்டு வரும் நம் கடற்கரைக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

கோளாறு என்றால் இரு தரப்பும் சத்தியம் செய்வார்கள். அனுப்பியாயிற்று என்பார் ஒருவர், வரவில்லை என்பார் மற்றவர். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். கருவிக்குக் கிடைக்கும் 'செய்தி வந்தது' என்ற ஒப்புகை புரோக்கர் தருவது. திரை தருவது அல்ல. கேட்க ஆளே இல்லாவிட்டாலும் அந்த ஒப்புகை வந்துவிடும். அதனால் நான் இரு பக்கத்தையும் விட்டுவிட்டு, மூன்றாவது ஆளாகப் புரோக்கரில் இணைந்து எல்லா டாபிக்குகளையும் கேட்பேன். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். கருவி '/குளச்சல்/அறை1' என்று அனுப்பும். திரையோ 'குளச்சல்/அறை1' என்று காத்திருக்கும். முன்னால் நிற்கும் ஒரு சாய்கோடு போதும், புரோக்கருக்கு இவை வெவ்வேறு டாபிக்குகள்.

இதைவிடப் படுத்துவது கிளையண்ட் ஐடி, அதாவது ஒவ்வொரு கருவியும் புரோக்கரிடம் சொல்லி இணையும் தனிப் பெயர். ஒரு கிடங்கில் இரண்டு அறைகளின் அளவும் வரும், நிற்கும், மறுபடி வரும். எல்லோரும் செல்போன் கோபுரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். புரோக்கரின் லாகை (நடந்ததை எழுதி வைக்கும் பதிவேட்டை) திறந்தால் ஒரே பெயர் இணைவதும் துண்டிக்கப்படுவதும் வரிக்கு வரி மாறிமாறி ஓடியது. முதல் கருவியின் நிரலை அப்படியே நகலெடுத்து இரண்டாவதில் ஏற்றியிருந்தார்கள். ஒரே ஐடியில் இன்னொருவர் வந்தால் முன்பு இணைந்தவரைப் புரோக்கர் வெளியேற்ற வேண்டும் என்பது விதி. வெளியேறியது உடனே திரும்ப வந்து மற்றதைத் தள்ளும். கோபுரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டம் துறைமுகத்துக் கிடங்கின் பிரச்சினை வேறு விதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. கிடங்கு காலியானதும் கருவி உட்பட எல்லா மின்சாரத்தையும் நிறுத்தியிருந்தார்கள். திரையோ மைனஸ் 18 டிகிரி என்றது. "மக்களே, அறையை அணைத்தாயிற்று. உங்கள் திரைக்கு மட்டும் இன்னும் குளிருகிறதோ?" என்று மேலாளர் போனில் சிரித்தார். ரிட்டெயின், அதாவது 'வைத்திரு' என்று குறித்து அனுப்பிய கடைசிச் செய்தியைப் புரோக்கர் பத்திரமாக வைத்திருந்து, திரையைத் திறந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. வராத செய்தியைக்கூட மன்னிக்கலாம். இப்படி வரும் பழைய செய்தி மீனையே அழுக வைத்துவிடும்.

இப்போது அளந்த நேரத்தையும் செய்திக்குள்ளேயே வைத்து அனுப்புகிறோம். கருவி சொல்லாமல் அணைந்தால் அதன் சார்பில் வெளியிட வேண்டிய 'வில்' செய்தியையும் புரோக்கரிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கிறோம். உயிரோடு இருப்பதைக் காட்டும் இடைவெளி 60 விநாடி என்றால், அதன் ஒன்றரை மடங்கான 90 விநாடி பேச்சில்லாமல் கடந்ததும் திரையில் எண் மறைந்து 'கருவி இணைப்பில் இல்லை' என்று வந்துவிடுகிறது.